பதினோராம் கட்டம்

பிறவிப்பெருமாளின் அலுவலகம் சங்கரன்கோவிலில் ஒரு பிரியாணிக் கடையின் மாடியில் இருந்தது. காலையில் வரும் வரன்களை அவர் சல்லடை போட்டுச் சலிப்பார், மதியம் கீழே பிரியாணித் தம் உடைத்து வாசனை படியேறி வந்துவிட்டால் எதையும் தட்டமாட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதனால் கொஞ்சம் குறையுள்ள வரன்களைப் பெற்றவர்கள் சாப்பாட்டு நேரம் பார்த்துத்தான் படியேறுவார்கள். அவருக்கும் இது தெரியும். பசித்த வயிற்றோடு இன்னொருத்தர் கல்யாணத்தைக் கெடுக்க அவருக்கு மனசு வராது, அவ்வளவுதான்.

ஒரு காலத்தில் அவர் அசல் ஜோசியர். பன்னிரண்டு கட்டம் போட்டு, குருவையும் சனியையும் இடம் பார்த்து உட்காரவைத்து, ஊரில் பாதிப் பேரைக் குடும்பஸ்தர்கள் ஆக்கியவர். பிறகு அரசாங்கம் மரபுப் படம் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒரு குப்பியில் எச்சில் துப்பிக் கொடுத்தால் போதும். உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சுருண்டு கிடக்கும் குரோமோசோம்களை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடிக்கு ஒன்றாக இருபத்துமூன்று கட்டம் போட்டு, எந்தக் கட்டத்தில் பழுது இருக்கிறதோ அங்கே சிவப்புப் புள்ளி வைத்துக் கைபேசிக்கு அனுப்பிவிடும். டாக்டர்கள் பார்ப்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் கட்டம் போட்ட ஒன்றைக் கையில் கொடுத்தால் சங்கரன்கோவில்காரன் அதைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடமா போவான்?

ஜாதகம் இரண்டே வருஷத்தில் செத்தது. பிறவிப்பெருமாள் சாகவில்லை. அரசாங்கம் நடத்திய ஆறு வாரப் படிப்பில் சேர்ந்து, 'மரபுப் பொருத்த ஆலோசகர், அரசு உரிமம் பெற்றவர்' என்று பலகையை மாற்றி எழுதிக்கொண்டார். படிப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நான்காவது வாரம் மண்டபத்தில் தொடர்ந்து முகூர்த்தம் விழுந்ததால் அந்த வாரத்துப் பாடம் மட்டும் நடக்கவில்லை. மாணவர்கள் அத்தனை பேரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நல்ல அவியல். விட்டுப்போன பாடம் என்ன என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. 'உங்க பொண்ணுக்குப் பதினோராம் குரோமோசோம்ல ஒரு மாற்றம் இருக்கு' என்று சொன்னால் பெற்றவர்கள் பேந்தப் பேந்த விழித்தார்கள். பொறுமை இழந்த ஒரு நாளில், "பதினோராம் கட்டத்துல தோஷம். அது ரத்த ஸ்தானம்" என்றார். உடனே முகம் தெளிந்து, "அப்படித் தமிழ்ல சொல்லுங்க" என்று எழுந்து போனார்கள். அதிலிருந்து சொல் ஊரைச் சுற்ற ஆரம்பித்தது. ஏழு நுரையீரல் ஸ்தானம், பதினொன்று ரத்த ஸ்தானம், கடைசிக் கட்டம் ஆணா பெண்ணா என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். பதினொன்றில் புள்ளி உள்ள பெண் என்றால் பார்க்க வருகிறவர்கள் பாதி வழியிலேயே வண்டியைத் திருப்பினார்கள்.

அப்படித் திருப்பப்பட்டவள்தான் முப்பிடாதி. மாட்டு டாக்டர். அவளுடைய அப்பா சொள்ளமுத்து விசைத்தறி வைத்திருந்தார். ஊரில் பெண் கேட்டு வந்த வீடெல்லாம் அவள் படிப்புக்கு ஒரு வணக்கம், சம்பாத்தியத்துக்கு ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் பதினோராம் கட்டத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடின. சொள்ளமுத்துவுக்கு வீட்டு வாசலில் செருப்புச் சத்தம் கேட்டாலே கண் கலங்கும் அளவுக்கு ஆகிவிட்டது.

இந்த நிலையில் ஒரு மதியம், சரியாகத் தம் உடைக்கிற நேரத்தில், குருவம்மாள் என்ற அம்மாள் தன் மகன் நயினாரின் மரபுப் படத்தோடு படியேறி வந்தாள். பையன் பூ மார்க்கெட்டிலிருந்து மல்லிகையை டிரோனில் ஏற்றித் தூத்துக்குடி விமான நிலையத்துக்கு அனுப்புகிறவன். நல்ல பையன், நல்ல தொழில். பதினோராம் கட்டத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

பிறவிப்பெருமாள் நிமிர்ந்து உட்கார்ந்தார். முப்பிடாதியின் படத்தை எடுத்து மேசைமேல் இருந்த சிறு திரையில் அதன் பக்கத்தில் வைத்தார். இரண்டு கட்டத்திலும் இரண்டு புள்ளிகள், ஒரே இடத்தில். வைத்த மாத்திரத்தில் திரை தானாகவே இரண்டையும் சேர்த்துச் சிமிட்ட ஆரம்பித்தது. ஜோடியாக, ஒரே தாளத்தில். முப்பது வருஷ ஜோசியத்தில் செவ்வாய் தோஷப் பெண்ணுக்குச் செவ்வாய் தோஷ மாப்பிள்ளையைத் தேடி அவர் நடக்காத நடையா? இரண்டு பக்கமும் தோஷம் இருந்தால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். அவர் கட்டிக்கொண்டதே அப்படித்தான். அவருக்கும் செவ்வாய், அவர் மனைவி கோமுவுக்கும் செவ்வாய், பத்துக்குப் பத்துப் பொருத்தம். அதை அவர் மேடைக்கு மேடை சொல்லுவார்.

"மைனி, உங்க பையனுக்குப் பொண்ணு இந்த ஊருலயே இருக்கு. அதுக்கும் பதினொண்ணு, இவனுக்கும் பதினொண்ணு. தோஷத்துக்குத் தோஷம் சரியாப் போச்சு. ஏதோ அளவெடுத்துச் செஞ்ச மாதிரில்ல இருக்கு."

"திரை சிவப்பா சிமிட்டுதே அண்ணாச்சி?"

"அதுக்கே சந்தோஷம் தாங்கல."

குருவம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அன்று அவர் இரண்டு பிளேட் சாப்பிட்டார்.

வீட்டில் கோமுவிடம் சொன்னபோது அவள் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"பதினொண்ணுக்குப் பதினொண்ணா?"

"ஆமாட்டி. நம்ம செவ்வாய் மாதிரி."

கோமு ரசத்தை ஊற்றினாள். மோருக்கு மேலே ஊற்றினாள். பிறகு கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய் நெடுநேரம் பேசினாள். மகளோடு பேசுகிறாள் என்று அவர் இருந்துவிட்டார். கோமுவுக்கு இந்தப் பொருத்தங்களில் ரசனை போதாது என்பது அவருடைய பழைய அபிப்பிராயம். மகள் உலகம்மைக்குப் பதினொன்றில் புள்ளி இருந்தது. அது கோமு வீட்டு வழியாக வந்தது என்று அவர் என்றைக்கோ முடிவு கட்டியிருந்தார். அதே புள்ளியோடு தென்காசியிலிருந்து ஒரு வைரம் போன்ற மாப்பிள்ளை வந்தபோது, மூக்கு சரியில்லை என்று ஒரே சொல்லில் தட்டிவிட்டவள் கோமு. வேறு இடத்தில்தான் கட்டிக் கொடுத்தார்கள். உலகம்மை இன்று பாளையங்கோட்டையில் இரண்டு வாலுகளோடு நன்றாகத்தான் இருக்கிறாள். இருந்தாலும் ஒரு மூக்குக்காக அப்படி ஒரு பொருத்தத்தை விட்டோமே என்று அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

உலகம்மைக்கு முன்னால் ஒரு பையன் இருந்தான். சங்கரன். இரண்டு வயசு வரைக்கும்தான். ரத்தம் ஊறவில்லை என்றார்கள். வீட்டில் முருங்கைக்கீரை மாற்றி முருங்கைக்கீரை கொடுத்துப் பார்த்தார்கள். குரு பார்வை போதவில்லை என்று பிறவிப்பெருமாள் கணக்குப் போட்டு வைத்தார். அதற்குமேல் அந்தப் பேச்சு அந்த வீட்டில் எழாது.

முப்பிடாதிக்கும் நயினாருக்கும் நிச்சயதார்த்தம் ஜாம்ஜாமென்று நடந்தது. அதற்கு அடுத்த வாரம், உரிமம் கொடுத்த திருநெல்வேலி அலுவலகத்திலிருந்து அவருக்கு ஒரு அழைப்பு வந்தது. அவர் மேல் ஒரு புகார் வந்திருப்பதாகவும், மறுபயிற்சிக்கு வரவேண்டும் என்றும் ஒரு பெண்குரல் மரியாதையாகச் சொன்னது. போட்டிக்காரன் எவனோ செய்த வேலை என்று திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

பயிற்சி நடத்தியவள் நாச்சியார் என்ற அதிகாரி. வகுப்பில் அவரைப் போலப் பழைய ஜோசியர்கள் கொஞ்சம் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சியார் திரையில் இரண்டு படங்களைப் போட்டாள். இரண்டிலும் பதினொன்றில் புள்ளி.

"இப்படி ரெண்டு பேர் உங்ககிட்ட வந்தா முதல்ல என்ன கேப்பீங்க?"

பிறவிப்பெருமாள் கையைத் தூக்கினார். "முகூர்த்தம் என்னைக்குன்னு கேப்பேன்."

முன்வரிசையில் இரண்டு பேர் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள். நாச்சியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"ஐயா, உங்க வீட்டுல தண்ணி ஏத்த எத்தனை மோட்டார்?"

"ஒண்ணு."

"ரெண்டு இருக்குன்னு வச்சுக்கிடுங்க. உங்க அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. ஒவ்வொரு கட்டத்துலயும் அப்படித்தான் ஜோடியா இருக்கு. பதினொண்ணுல இருக்கிற மோட்டார் ரத்தம் ஊறுறதுக்கு. அதுல ஒண்ணு ரிப்பேர், ஒண்ணு ஓடுது. தொட்டி நிரம்புமா?"

"நிரம்பும். கொஞ்சம் மெதுவா நிரம்பும்."

"அதுதான் அந்தப் புள்ளி. அந்த ஆளுக்கு ஒரு நோயும் இல்ல. வாழ்நாள் பூரா நல்லா இருப்பார். இப்ப அவருக்குப் பிள்ளை பிறக்குது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு இவர் ஒரு மோட்டார் கொடுக்கணும், வர்ற பொண்ணு ஒண்ணு கொடுக்கணும். எதைக் கொடுப்போம்னு அவங்க கையில இல்ல, கண்ணைக் கட்டிட்டு எடுக்கிற மாதிரி. பொண்ணுக்குப் பதினொண்ணுல புள்ளி இல்லன்னா அவ கொடுக்கிறது நல்ல மோட்டார். கவலை இல்ல. ரெண்டு பேருக்கும் புள்ளி இருந்து, ரெண்டு பேரும் ரிப்பேரை எடுத்துக் கொடுத்துட்டா?"

"தொட்டி?" என்றார் பிறவிப்பெருமாள்.

"பிள்ளைக்கு ரெண்டுமே ஓடாது. தொட்டி காலி. அப்புறம் மாசாமாசம் தண்ணி லாரி கூப்பிட்ட மாதிரி வெளிய இருந்து ரத்தம் ஏத்தணும். நாலுல ஒரு பங்கு அப்படி ஆக வாய்ப்பு இருக்கு. இது நாலாவது வாரத்துப் பாடம். நீங்க யாரும் படிக்கலயா?"

வகுப்பில் ஒருத்தர் ரொம்ப மெதுவாக, "அன்னைக்கு அவியல்" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் பிறவிப்பெருமாளுக்கு வியர்த்துக்கொண்டே இருந்தது. அடித்துக்கொண்டு போவதற்குத் தோஷமும் தோஷமும் என்ன கிரகமா? இது கூடிக்கொள்ளும் சாதி. சேர்க்கக் கூடாத இரண்டைத் தேடிப் பிடித்துச் சேர்த்து வைத்து, திரை எச்சரித்ததைச் சந்தோஷம் என்று சொல்லி, மேலே இரண்டு பிளேட் பிரியாணியும் சாப்பிட்டிருக்கிறோமே என்று நினைத்து, பக்கத்துச் சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும்படி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே சொள்ளமுத்துவின் வீட்டுக்குப் போனார். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, பந்தல் பேச்சுக்காகக் குருவம்மாளும் அங்கேதான் இருந்தாள். பிறவிப்பெருமாள் மோட்டாரையும் தொட்டியையும் தண்ணீர் லாரியையும் வைத்து முழுசாக விளக்கினார். சொள்ளமுத்து வாசலைப் பார்த்தார். குருவம்மாள்தான் யோசித்துக் கேட்டாள்.

"நாலுல ஒண்ணுதான அண்ணாச்சி?"

"ஆமா மைனி."

"அப்ப மூணு பெத்துட்டு நிறுத்திக்கிடச் சொல்லுவோம்."

"அப்படி வரிசையில நின்னு வராது மைனி. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதுசாக் குலுக்கிப் போடுவாவ. முதப் பிள்ளையே அப்படி வரலாம். நாலும் நல்லாவும் வரலாம்."

"யாரு குலுக்குதா?"

"அதான தெரியல."

குருவம்மாளின் முகம் மாறிவிட்டது. முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "தோஷம் கழிஞ்சு போச்சுன்னு நீங்க சொன்னத நம்பி எங்க சனம் பூராத்துக்கும் சொல்லியாச்சு. இப்ப ரெட்டிப்பாயிட்டுன்னு சொல்லுதிய. எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வேண்டாம். நீங்க ஒரு படம் பாக்க வந்தியளா, படம் காட்ட வந்தியளா?"

அவள் செருப்பைத் தேடினாள். சொள்ளமுத்து அந்தச் சத்தம் கேட்காமலிருக்க உள்ளே போய்த் தறியை ஓடவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிட்டோம், ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்டோம் என்று பிறவிப்பெருமாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெண்ணிடமும் நேரில் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார். முப்பிடாதி ஒரு பசுவுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்தாள். தோள்பட்டை வரை நீளும் உறை போட்ட கை முழங்கைக்கு மேல் பசுவுக்குள் இருந்தது. அந்த நிலையிலேயே, "சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள். அவர் பசுவைப் பார்த்தபடி மோட்டார் கதையை ஆரம்பித்தார்.

"தெரியும்" என்றாள்.

"எது தெரியும்?"

"ரெண்டு பேரும் புள்ளிக்காரங்கன்னா நாலுல ஒண்ணு. நான் மாட்டு டாக்டர் அண்ணாச்சி. பொலிகாளைக்கும் பசுவுக்கும் நாங்க முதல்ல பாக்கிறதே இதைத்தான். மாட்டுக்குப் பாக்கிறதை எனக்குப் பாத்துக்கிட மாட்டேனா?"

பசு ஒரு காலை மாற்றி வைத்தது. பிறவிப்பெருமாளும் மாற்றி வைத்தார்.

"தெரிஞ்சுமா ஒத்துக்கிட்டே?"

"பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே அவர்கிட்டச் சொல்லிட்டேன். பஜ்ஜி தட்டோட நிக்கேன், நான் இப்படி இப்படின்னு சொல்லுதேன். அவர் கொஞ்சநேரம் யோசிச்சிட்டு, சரி, அப்ப நாம டாக்டரைப் பாத்து முடிவு பண்ணுவோம், இந்த வாழைக்காயை யாரு இவ்வளவு தடியா வெட்டினதுன்னு கேட்டார். இத்தனை வருஷத்துல என்னைப் பாக்க வந்தவங்கள்ல பதினொண்ணைத் தவிர வேற எதையாவது பத்திக் கேட்ட ஒரே ஆளு அவர்தான்."

"வாழைக்காயை யாரு வெட்டினது?"

"நான்தான்."

அவள் கையை வெளியே எடுத்து உறையை உருவினாள். மாட்டுக்காரரிடம் மூன்று மாதச் சினை என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"நேத்து எங்கப்பா வெறும் தறியை ஓட்டிக்கிட்டே இருந்தாவ. நூலே இல்ல. நீங்க வந்து பேசினது எல்லாம் சரி. ஒண்ணை விட்டுட்டிய. வேற வழி இருக்குன்னு சொல்லலியே. மதுரையில ஆய்வகத்துல கருவை வெளிய உண்டாக்கி, பதினொண்ணைப் பாத்து, நல்லதை எடுத்து வயித்துல வைக்காங்க. நாங்க போய்ப் பேசிட்டே வந்தாச்சு. அது அமையலன்னா பிள்ளை இல்லாம இருப்போம், இல்ல எடுத்து வளப்போம். எங்க ரெண்டு பேருக்கும் அது பெரிய காரியமில்ல."

"எனக்குத் தெரியாது தாயி."

"உங்களுக்குத் தெரியாதது இன்னொண்ணும் இருக்கு. என்னை வேண்டாம்னு போனாங்கல்லா, அத்தனை வீடு? அதுல முக்காவாசிப் பேருக்குப் பதினொண்ணுல புள்ளியே கிடையாது. அவங்க யாரு என்னைக் கட்டியிருந்தாலும் பிள்ளைக்கு இந்த நோய் வந்திருக்காது. கட்டலாம்னு இருந்தவங்களை ஓட வச்சீங்க. யோசிக்க வேண்டிய ஆளைக் கூப்பிட்டுட்டு வந்தீங்க. இப்ப அவரும் போயாச்சு." அவள் குரல் உயரவில்லை. குழாயைத் திறந்து கை கழுவ ஆரம்பித்தாள். "அதுக்குத் தோஷம்னு பேரு வச்சது யாரு அண்ணாச்சி?"

பசுவும் அவரைத் திரும்பிப் பார்த்தது போலிருந்தது.

வெயிலில் நடந்து வரும்போது அவர் தன் சாமர்த்தியத்தைத் தானே கூட்டிக் கழித்துப் பார்த்தார். தப்பான காரணத்துக்காக ஒரு கல்யாணத்தைச் சேர்த்து வைத்தார். சரியான காரணத்துக்காக அதைக் கலைத்தார். இரண்டும் தப்பு. மருத்துவம் என்று சொன்னால் குருவம்மாள் மசியமாட்டாள். ஆய்வகம், கரு என்று ஆரம்பித்தாலே காதைப் பொத்திக்கொள்வாள். தோஷம் என்ற சொல்லை ஊருக்குள் விட்டவர் அவர். அதைத் திருப்பிப் பிடித்து வரும் வித்தை ஜோசியத்தில் இல்லை. ஆனால் தோஷத்துக்குப் பக்கத்திலேயே ஜோசியத்தில் எப்போதும் இன்னொரு சொல் உட்கார்ந்திருக்குமே.

பிறவிப்பெருமாள் நடுத்தெருவில் நின்றார். பின்னால் வந்த ஆட்டோக்காரன், "ஓரமா நின்னு யோசிங்க பாட்டையா" என்றான்.

அடுத்த நாள் இரு வீட்டாரையும் அலுவலகத்துக்கு வரச்சொன்னார். நேரத்தை அவரே குறித்தார். தம் உடைக்கும் நேரம். நயினார் வந்து முப்பிடாதிக்குப் பக்கத்து நாற்காலியில் சாதாரணமாக உட்கார்ந்துகொண்டான். குருவம்மாள் அவனை முறைத்தாள். அவன் கவனிக்கவில்லை.

"மைனி, அன்னைக்கு நான் பாதிதான் சொன்னேன். தோஷம் இருக்கு. பரிகாரமும் இருக்கு."

குருவம்மாள் நிமிர்ந்தாள். "பரிகாரம் உண்டா?"

"உண்டு. கொஞ்சம் கடுமையான பரிகாரம்."

"அத முதல்லயே சொல்ல வேண்டியதுதான. நான் ரெண்டு நாளா சாப்பிடல." உண்மையில் அவள் முகத்தில் ரத்தம் திரும்பியதை எல்லோரும் பார்த்தார்கள். பரிகாரம் இல்லாத தோஷத்தை அவள் கேள்விப்பட்டதே இல்லை, அதுதான் அவளைப் பயமுறுத்தியிருந்தது.

"கல்யாணம் முடிஞ்சு இவங்களுக்குப் பிள்ளை வேணும்னு தோணுத அன்னைக்கு ரெண்டு பேரும் மதுரைக்குப் போகணும். அங்க ஆய்வகத்துல கருவை வெளிய உண்டாக்குவாவ. ஒவ்வொரு கருவுக்கும் பதினோராம் கட்டத்தைப் பாப்பாவ. மோட்டார் ஓடுறதா ஒண்ணை எடுத்து வயித்துல வைப்பாவ. அதுக்கப்புறமும் மூணாம் மாசம் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கிடணும். பொண்ணுக்கு ஊசி நிறையப் போடுவாவ. ஒண்ணைக்கூட விடக் கூடாது."

"எந்தத் திசை பாத்து உக்காரணும்?"

"டாக்டர் சொல்ற திசை."

"தேங்கா உடைக்கலாமா?"

"வாசல்ல உடைங்க. ஆய்வகத்துக்குள்ள வேண்டாம்."

முப்பிடாதி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "அண்ணாச்சி, மருத்துவத்தை மருத்துவம்னே சொன்னா என்ன?"

"நான் சொன்னதுல ஒரு பொய் இருந்தா காட்டு தாயி. இல்லல்லா? மேல கொஞ்சம் சந்தனம் தெளிச்சேன், அவ்வளவுதான். அதுவும் கடைசித் தடவை."

நயினார் சிரித்தான். குருவம்மாளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது. "எல்லாம் சரி. இதுக்கு, தோஷமே இல்லாத பொண்ணாப் பாத்துட்டாப் போச்சுல்லா?"

"மைனி, இந்த மேசைக்கு எத்தனையோ படம் வந்திருக்கு. புள்ளியே இல்லாத படம் ஒண்ணுகூட வந்ததில்ல. ஒவ்வொருத்தருக்கும் எங்கயாவது ரெண்டு மூணு கிடக்கும். பக்கத்துல வர்றவங்களுக்கும் அதே இடத்துல இருக்கான்னு பாக்கிறதுக்குத்தான் இந்தப் படமே. தள்ளி வைக்கிறதுக்கு இல்ல. உங்க பையனுக்குப் பதினொண்ணு எங்க இருந்து வந்துச்சுன்னு நினைக்கிய?"

"அது அவுக அப்பா வழி" என்றாள் குருவம்மாள் யோசிக்காமல்.

"உங்க படத்தைப் பாத்தாச்சா?"

"எனக்கு எதுக்குப் படம்? எனக்கென்ன குறை?"

கீழே தம் உடைத்தார்கள். வாசனை படியேறி வந்து எல்லோரையும் ஒரு முறை சுற்றியது. குருவம்மாள் பெருமூச்சு விட்டு, "பந்தல்காரன்கிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேனே, இப்ப என்ன செய்ய?" என்றாள். சொள்ளமுத்து வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நயினாரின் டிரோன் ஒன்று மேடைக்கு மேலே பறந்து மல்லிகை தூவியது. முதல் பிடி முழுவதும் ஐயரின் தலையில் விழுந்தது. பிறவிப்பெருமாள் வழக்கம்போல் மைக்கைப் பிடித்துப் பத்துக்குப் பத்துக் கதையைச் சொல்ல எழுந்தார். என்னவோ தோன்றி, மணமக்கள் நல்லா இருக்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் மதியம் கோமு டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தாள். கீழேயே கடை இருக்க அவள் சாப்பாடு கொண்டுவருவது புதுசு. கல்யாண வீட்டு நினைப்பில் அவர் உற்சாகமாக இருந்தார்.

"கோமு, எனக்கு ஒரே ஒரு குறைதான். என் மேல புகார் கொடுத்தானே ஒருத்தன், அவன் மட்டும் இல்லன்னா என்ன ஆயிருக்கும்? போட்டிக்காரனா இருந்தாலும் பரவாயில்ல. யாருன்னு தெரிஞ்சா மாலை போட்டுக் கும்பிடுவேன்."

கோமு கேரியரின் அடுக்குகளைப் பிரித்து வரிசையாக வைத்தாள். "மல்லிகைன்னா சரி. செவ்வந்தி எனக்கு ஆகாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கொல்லைப்பக்கத்து போன் பேச்சும் மோருக்கு மேல் ஊற்றிய ரசமும் வந்து வரிசையில் நின்றன.

"நீயா?"

"நான்தான்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேட்டி."

"நான் சொல்லி என்னைக்குக் கேட்டிய? திருநெல்வேலியில இருந்து சொன்னாத்தான் உங்களுக்குக் காதுல ஏறும்." அவள் சோற்றில் குழம்பை ஊற்றினாள். "அதோட, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பிய."

"எப்படித் தெரியும்?"

கோமு தன் கைபேசியை மேசைமேல் இருந்த திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். அரசாங்கம் எச்சில் வாங்கிய முதல் வருஷத்தில் இருவருக்கும் வந்த படங்கள். ஊரார் படத்தையெல்லாம் பார்க்கிற அவசரத்தில் அவர் தன்னுடையதைத் திறந்து பார்த்ததே இல்லை. அவள் பார்த்திருந்தாள். இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. பதினோராம் கட்டத்தில் அவளுக்கு ஒரு சிவப்பு. அவருக்கும் ஒரு சிவப்பு. திரை இரண்டையும் சேர்த்துச் சிமிட்ட ஆரம்பித்தது.

அவர் ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தார், பிறகு மற்றதன் மேல் வைத்தார்.

"சங்கரன்" என்றார்.

"ம்."

"இத்தனை வருஷமா உள்ளயே வச்சிருந்தியா?"

"பத்துக்குப் பத்துன்னு மேடைக்கு மேடை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிய. அந்த ஒரு சந்தோஷத்தைப் போயி எப்படிப் பறிக்க? இந்த மாதிரி சோடி வேற எதுவும் வரலியான்னு மட்டும் கவனிச்சிக்கிட்டே இருந்தேன்."

கீழே பாத்திரங்கள் உருளும் சத்தம் கேட்டது. அவருக்கு இன்னொன்று உறைக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்தத் தென்காசி மாப்பிள்ளை. மூக்கு."

"லட்சணமான மூக்கு" என்றாள் கோமு. "சினிமாவுல வைக்கலாம். அதைப் போயி அப்படிச் சொல்லிட்டமேன்னு எனக்கு ரெண்டு நாள் சோறு இறங்கல."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எங்கோ போகப் பார்த்தது. கண்ணாடியைக் கழற்றி மேல்துண்டால் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடியும் துடைத்தார்.

"அதை அணைங்க. சோறு ஆறுது" என்றாள் கோமு.

அவர் அணைக்கவில்லை. சாப்பிட்டு முடிக்கும்வரை அதுவும் கூட இருக்கட்டும் என்பதுபோல் திரையைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து, இருவருக்கும் நடுவில் வைத்தார். இலைக்கு ஒரு பக்கத்தில் முருங்கைக்கீரை இருந்தது. அவர் முதலில் அதை எடுத்துச் சாப்பிட்டார்.